அங்கப்பன் கடைந்த இரண்டாவது இருசு

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, இரு புறமும் தென்னந்தோப்புகள் நிற்கும் நேரான மண் பாதையில் தை மாதத்து ரேக்ளாப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எல்லைக் கொடிக்கு அருகே, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி அங்கப்பன் நின்றிருந்தார். கிருபாசங்கரின் வண்டி வந்த வேகத்தைக் கண்டு கூட்டம் ஊளையிட்டது. இரண்டு காங்கேயம் காளைகளும் கழுத்தை நீட்டி, வாயோரம் நுரை பறக்க வந்தன. அவற்றின் பின்னால், நிற்பதும் உட்காருவதுமாக இல்லாத ஒரு கூன் நிலையில் அருள்குமார் என்ற வாலிபன் சாட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

கொடிக்குச் சற்று முன்பாக ஒரு சத்தம் கேட்டது. கோயில் மணியை ஒரே முறை அடித்து உடனே கையால் பொத்தியது போன்ற சத்தம். இடப்பக்கச் சக்கரம் வண்டியை விட்டுப் பிரிந்து, வண்டியையே முந்திக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து, ஒருவரின் தோளைப் பெயர்த்துவிட்டுத் தோப்புக்குள் ஓடியது. சக்கரம் இழந்த பக்கம் மண்ணில் குத்தியது. ஏர்க்கால் முறுக்கிக்கொண்டு இடக்காளையின் பின்னங்கால்களுக்கு நடுவே ஏறியது. எலும்பு முறிந்தது கயிற்றோரம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. வலக்காளை நிற்கவில்லை. விழுந்து கிடந்த தன் ஜோடியையும், உடைந்த வண்டியையும், அதன் அடியில் சிக்கிய அருள்குமாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எல்லைக் கொடியைக் கடந்தது. கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. முறிந்த உலோக முனை அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே இறங்கி, வெளியே வந்து, மறுபடியும் இறங்கியிருந்தது.

"இருசு அறுந்துபோச்சு! இருசு அறுந்துபோச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்.

சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அந்த இருசைக் கடைந்தவர் அங்கப்பன். கயிற்றிலிருந்து கையை எடுக்கவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு ஓடினார். நான்கைந்து பேரோடு சேர்ந்து வண்டியைத் தூக்கினார். அடியில் கிடந்தவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணா, மாடு எந்திரிச்சிருச்சுங்களா?"

"எந்திரிச்சிருச்சு கண்ணு. நீ பேசாத."

மாடு எழவில்லை. அது போட்ட ஓலம், கால்நடை மருத்துவர் வந்து ஊசி போடும்வரை ஓயவில்லை.

அங்கப்பன் அந்தியூர்ப் பக்கத்து வானம் பார்த்த காட்டில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே கோயம்புத்தூருக்கு வந்து, லேத்துப் பட்டறைகளில் எண்ணெய் துடைத்து, பிறகு கருவி பிடித்து, யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராமல் பார்த்துப் பார்த்தே வேலை கற்றார். வேலைத்திறமைக்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது கோபம். முதல் பட்டறையில், தன்னைத் தாயோடு சேர்த்துத் திட்டிய மேஸ்திரியின் தாடையை இரும்பு ஸ்பேனரால் உடைத்தார். இரண்டாவது பட்டறையில் கதவை உடைத்தார். மூன்றாவதாக அவர் போய்ச் சேர்ந்த இடம் கணபதிப் பகுதியில் அவரே வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை. அங்கே அடிப்பதற்கு ஆள் இல்லாததால் கோபம் முழுவதும் வேலைக்குள் போயிற்று. அவர் கடைந்த உருளையை விரலால் தடவிப் பார்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று சக தொழிலாளிகள் கேலி செய்வார்கள். உலோகங்களை இழுத்தும் வளைத்தும் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகம் பீளமேட்டில் இருக்கிறது. அங்கே உடைத்துப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டுகளை அவர்தான் கடைந்து கொடுத்துவந்தார்.

கிருபாசங்கர் விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். உடைந்த எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் தண்டுகளைச் செய்யும் ஆலை அவருடையது. ரேக்ளா அவருக்குப் பித்து. ஆலையில் கிடந்த டைட்டானியம் கம்பி ஒன்றை எடுத்து வந்து, "இரும்பு இருசுல பாதி எடைதானுங்க வரும். கடைஞ்சு குடுங்க, அடுத்தவன் வண்டியெல்லாம் பொறத்தால நின்னு புழுதி திங்கட்டும்" என்று முந்தைய ஆண்டு அங்கப்பனிடம் கேட்டவர் அவரே. அந்த முதல் இருசு ஒரு பருவம் முழுவதும் ஓடியது. பல்லடம், பொள்ளாச்சி, உடுமலை என்று எங்கே போட்டாலும் கோப்பையோடு திரும்பியது. ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே இரண்டாவது வண்டிக்கும் அதே அளவில், அதே வடிவில் ஒன்று கடையச் சொல்லி, ஐப்பசி மாதத்தில் இன்னொரு கம்பியை அனுப்பினார். உடைந்தது அந்த இரண்டாவது இருசு.

பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு இருவருக்கும் வாய்த் தகராறு மூண்டிருந்தது. அந்த இருசு தன் ஆலையின் பொறியாளர்கள் வடிவமைத்தது என்று தேநீர்க் கடையில் பத்துப் பேர் முன்னிலையில் கிருபாசங்கர் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கப்பன் அவருடைய சட்டையைப் பிடித்தார். "என் கை வேலைங்க அது. இல்லைன்னு இன்னொருக்கா சொல்லுங்க, உங்க வண்டி எப்படி ஓடுதுன்னு நானும் பார்த்துப்போடறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் அவர் கழுத்துக்குச் சுருக்காயிற்று.

அருள்குமாரின் கால் முழங்காலோடு எடுக்கப்பட்ட அன்று, ஒரு படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. பந்தயத்தின் காணொளியிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம் அது. இருசின் மேல்பக்கத்தில் தெரிந்த ஒரு கோட்டைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டு, 'ரம்பத்தால் அறுத்த இடம்' என்று எழுதியிருந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டபோது கிருபாசங்கர் கையை விரித்தார். படம் பொய் என்றும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் முற்பகலில் அருள்குமாரின் அண்ணன் வெள்ளிங்கிரி மூன்று பங்காளிகளோடு பட்டறைக்கு வந்தான். வயல் வேலையில் முறுக்கேறிய, அதிகம் பேசாத ஆள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான்.

"ஏனுங்கண்ணா, எந்தக் கைங்க அறுத்தது?"

"நான் அறுக்கல வெள்ளிங்கிரி. நெசமாலுமே எனக்குத் தெரியாது."

"வலது கைதானுங்களே?"

பங்காளிகள் அங்கப்பனின் தோள்களைப் பிடித்தார்கள். அவர் ஒருவனின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தார். இன்னொருவனின் புறங்கையைக் கடித்துச் சதையைத் துப்பினார். நான்கு பேருக்கு ஒருவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? மேசையில் பூட்டியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே அவருடைய வலது கையைத் திணித்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. விரலைக் கொஞ்சம் நேரா வையுங்க" என்றான் வெள்ளிங்கிரி. சொல்லிவிட்டுத் திருகினான். அடுத்த சுற்றுக்கு முன் ஒரு முறை நிறுத்தி, "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டான். அங்கப்பன் அவன் முகத்தில் காறித் துப்பினார். துப்பியதைத் தோளில் துடைத்துக்கொண்டு அவன் மறுபடியும் திருகினான். நடுவிரலும் மோதிர விரலும் நொறுங்கின. கட்டைவிரலின் அடியில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. போகும்போது லேத்தின் தலைப்பகுதியைச் சம்மட்டியால் அடித்துப் பிளந்துவிட்டுப் போனார்கள். வெள்ளிங்கிரி மறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அங்கப்பனின் மனைவி மாரியாத்தாள் நூற்பாலையில் வேலை செய்பவள். கோபத்தில் கணவருக்குச் சளைத்தவள் அல்லள். மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"எந்திரிச்சு நடக்க முடியுமல்லோ? வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம். நாலு பேர்த்தையும் உள்ள வெக்காம நான் சோறு திங்க மாட்டேன்."

"இப்பக் குடுத்தா, அறுத்தவன் தப்பிக்கறதுக்கு எதிர்க் கேசு குடுக்கறான்னுதான் சொல்லுவாங்க புள்ள. மொதல்ல என் பேரு. கை பொறவு."

"பேரை வெச்சு எந்த லேத்தை ஓட்டுவீங்க?"

"அறுத்தவன்னு பேரு நின்னுபோச்சுன்னா எவன் எனக்கு வேலை குடுப்பான்? ஒரு கால் போன பையன் சாகறவரைக்கும் நான்தான் எடுத்தேன்னு நினைச்சுக்கிட்டுக் கிடப்பான். அதை வெச்சுக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது."

இருசின் பெரும்பகுதியைக் கிருபாசங்கரின் ஆட்கள் எடுத்துப் போயிருந்தார்கள். ஆனால் முறிந்த நுனி, தோப்புக்குள் ஓடிய சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. அந்தச் சக்கரத்தை யாரும் தேடவில்லை. மாரியாத்தாள் மறுநாளே கொடுவாளை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் பேருந்து ஏறினாள். தோப்புக்காரன் தடுத்தபோது, "என்ற ஊட்டுக்காரர் கையை வாங்கிட்டீங்க, சக்கரத்தையாவது குடுங்க" என்று சொல்லிக் கொடுவாளைத் தென்னையில் ஒரு கொத்துக் கொத்தினாள். அவன் ஒதுங்கிக்கொண்டான். சக்கரத்தைத் தலையில் சுமந்து வந்து, ஆய்வகத்தின் வரவேற்பு மேசை மேல் சேறும் சாணமுமாக வைத்தாள்.

ஆய்வகத்தில் உலோகவியல் பிரிவைக் கவனித்தவள் லாஸ்யா. படித்ததை அலட்டிக்கொள்ளாத பெண். அங்கப்பன் கடைந்து தரும் மாதிரித் துண்டுகளில் குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்புபவள். குடத்திலிருந்து நுனியைப் பிடுங்கி, சுத்தம் செய்து, உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். கையில் மாவுக்கட்டோடு அங்கப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கண்ணா. மாட்டுக் கொம்புல வளையம் வளையமா வருமல்லோ, அந்த மாதிரி வரி தெரியுதா? ஒவ்வொரு வரியும் விரிசல் கொஞ்சம் முன்னால போன தடம். பயிற்சி ஓட்டத்துல வண்டி குண்டுகுழியில விழுந்து எழும்போதெல்லாம் இது கொஞ்சங் கொஞ்சமா வளர்ந்திருக்குது. வெளியில யாருக்கும் தெரியாது. கடைசியில மிச்சம் இருந்த இத்துனூண்டு இடம் பந்தயத்தன்னிக்கு ஒரே அடியாக் கிழிஞ்சிருக்குது."

"எங்கிருந்து ஆரம்பிச்சுது கண்ணு?"

"அடியில இருந்து. சக்கரம் மேல தூக்கும்போது இருசோட அடிப்பக்கம்தான் இழுபடும். அந்தப் படத்துல வட்டம் போட்டிருக்கறது மேல்பக்கம். அங்க தெரியறது பேரிங் வளையத்தோட நிழல். ரம்பம் எதுவும் படல."

அங்கப்பன் நாற்காலியில் சாய்ந்தார். லாஸ்யா விடவில்லை.

"சந்தோசப்படாதீங்க. இந்த மூலையைப் பாருங்க. தடிமன் மாறுற இடத்துல வளைவே இல்லாமக் கத்தி மாதிரி கடைஞ்சு வெச்சிருக்கீங்க. உலோகம் சோர்ந்துபோய் உடையறது இந்த மாதிரி மூலையிலதான் ஆரம்பிக்கும்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மொதல் இருசுலயும் இதே மூலைதான் அம்மணி. அது ஒரு பருவம் ஓடுச்சே!"

லாஸ்யா நுனியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதே அளவு, அதே மூலை, அதே பாதை. ஒன்று தாங்கியது, மற்றொன்று பயிற்சி தொடங்கிய பருவத்திலேயே முறிந்தது. அவள் எழுந்துபோய், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் துப்பாக்கி வடிவக் கருவியைக் கொண்டுவந்து நுனியில் வைத்து அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

"இது வெறும் டைட்டானியம்ண்ணா. கலப்பே இல்லை."

"கலப்பு இல்லாட்டி நல்லதுதானுங்களே?"

"தங்கம்னா நல்லது. உங்க மொதல் இருசு, நூத்துக்கு ஆறு பங்கு அலுமினியமும் நாலு பங்கு வனேடியமும் கலந்த கம்பியா இருந்திருக்கும். அலுமினியம் உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு, அணு அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காமப் பிடிச்சு வெக்கும். உலோகமே அரிசி மாதிரி பொடி மணிகளாத்தான் இருக்கும்; வனேடியம் என்ன பண்ணும்னா, ரெண்டாவதா வேற ஒரு மாதிரி மணியையும் உள்ள நிக்க வெக்கும். ரெண்டும் பொடிப்பொடியாக் கலந்து கிடக்கும். ஒரு காளையைப் பந்தயப் பாதையில விட்டா நேரா ஓடும். டவுன்ஹால் சந்துல விட்டா?"

"முட்டி முட்டி நிக்கும்."

"விரிசலும் அப்படித்தான். கலப்புக் கம்பியில அது ஒவ்வொரு அடிக்கும் திரும்பித் திரும்பித்தான் போகோணும், பாதியில நின்னும் போகும். சுத்தக் கம்பி நேர்ப் பாதை. ஓயாத அடியைத் தாங்கற பலம் இதுக்கு அதுல பாதிதான் இருக்கும். ஆனா எடை ஒண்ணு, நிறம் ஒண்ணு. கண்ணால பார்த்தா நானே ஏமாந்துபோவேன். சரி, கடையும்போது சுருள் எப்படி வந்துச்சு?"

அங்கப்பன் யோசித்தார். "மொதல் தடவை துண்டு துண்டா உதிர்ந்துச்சு. ரெண்டாவது நூல்கண்டு மாதிரி நீளமா வந்து கருவியைச் சுத்திக்கிச்சு. சுலபமா வெட்டுதேன்னு பார்த்தேன். புதுசாப் போட்ட முனைதான் காரணம்னு நினைச்சுப்போட்டேன்."

"அங்கயே நிறுத்தி எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே."

ஒரு நல்ல கேள்வி தன் கைக்குள்ளேயே சுருண்டு விழுந்ததை அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கிருபாசங்கரின் ஆலையில் இரண்டு வகைக் கம்பியும் இருந்தன. சுமை தாங்கும் தொடை எலும்புத் தண்டுக்குக் கலப்புக் கம்பி. விரல், தாடை போன்ற சிறிய எலும்புத் தகடுகளுக்குச் சுத்தக் கம்பி. முனையில் பூசிய வண்ணத்தை வைத்துத்தான் வேறுபடுத்துவார்கள்: கலப்புக்கு நீலம், சுத்தத்துக்கு மஞ்சள். அந்த ஆலைக்கும் சோதனை செய்து தந்த லாஸ்யா இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அங்கப்பனுக்கு ஆயுத பூசை நாள் கண்ணில் வந்து நின்றது. அன்று ஆலைக்கு அழைத்திருந்தார்கள். கோவையில் ஆயுத பூசைக்குக் கழுவாத இயந்திரம் இல்லை. சுத்தியல் முதல் தராசு வரை எல்லாம் குளிக்கும், எல்லாம் பொட்டு வைத்துக்கொள்ளும். கிருபாசங்கரோ கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்த கம்பிகள் அத்தனையும் அலமாரியில் வெள்ளி போல் மின்ன, வண்ணம் இருந்த முனைகளில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். அந்த அலமாரியின் முன்னால் நின்றுதான் அங்கப்பன் பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றார். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டவும் செய்தார்.

அன்று மாலையே வெள்ளிங்கிரிக்குத் தொலைபேசியில் பேசினார்.

"உன் தம்பி காலை எடுத்தது யாருன்னு காட்டறேன். நீயே தொட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்க. நாளைக்குக் காலையில ஆலைக்கு வா. ஒரு புது அரம் வாங்கிட்டு வா."

"பொய்யா இருந்துச்சுன்னா அண்ணா?"

"இன்னொரு கை இருக்குதல்லோ."

கிருபாசங்கர் கிடங்குக்குள் விட மறுத்தார். வெள்ளிங்கிரி அவரைப் பேச்சில்லாமல் ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். அவன் குடும்பமும் அவருக்கு உறவு. தடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மாரியாத்தாள் வெளியே வாயிற்கதவருகே காவல்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அலமாரியில் கம்பிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நீல முனைகள் ஒரு பக்கம், மஞ்சள் முனைகள் மறு பக்கம்.

"எல்லாம் பெயிண்ட் அடிச்சுத்தானே இருக்குது? என்ன நாடகமுங்க இது?" என்றார் கிருபாசங்கர்.

அங்கப்பன் நீல முனைக் கம்பிகளைக் காட்டினார். "இதை அரத்தால தேய். நான் தொடல. நீயே தேய்."

வெள்ளிங்கிரி முதல் கம்பியைத் தேய்த்தான். அரம் கிறீச்சிட்டு வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. அடுத்ததில் அரம் சட்டென்று கடித்து, பல்லுக்கிடையில் மெழுகு போல உலோகம் அப்பிக்கொண்டது. அவன் நின்றான். முதல் கம்பிக்கே திரும்பிப் போய்த் தேய்த்தான், வழுக்கியது. மறுபடியும் இதற்கு வந்தான்; கடித்தது. இரண்டின் முனையிலும் ஒரே நீலம்.

"இது மெத்துன்னு இருக்குது மாப்ள. ஏன் மெத்துன்னு இருக்குது?"

"அதெல்லாம் கம்பிக்குக் கம்பி வித்தியாசம் வருமுங்க" என்றார் கிருபாசங்கர்.

கிடங்குப் பொறுப்பாளர் கீதா அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "பூசைக்கு முன்னால நாந்தான் சொன்னேனுங்களே சார், பெயிண்ட்டை எடுக்க வேண்டாம்னு! வருசத்துல ஒரு நாள் பளபளன்னு இருக்கோணும்னீங்க. அப்புறமேட்டு, 'எந்த அடுக்கு எதுன்னு உனக்கு நெனப்பிருக்குமல்லோ, அடிச்சு உடு'ன்னீங்க. நாலு பேர் கழுவி நாலு பக்கம் அடுக்கினாங்க. எனக்கு எப்படிங்க நெனப்பிருக்கும்?"

வெள்ளிங்கிரி அரத்தைக் கீழே வைத்தான். பிறகு கிருபாசங்கரின் தலைமுடியைப் பிடித்து முகத்தை அலமாரியில் மோதினான். முதல் மோதலில் பல் தெறித்தது. இரண்டாவதில் அலமாரி சரிந்து, கம்பிகள் பேரோசையோடு தரையில் உருண்டன. விலக்க ஓடிவந்த தொழிலாளி ஒருவனின் பாதத்தில் ஒரு கட்டு விழுந்து அவன் அலறினான். கிருபாசங்கர் உருளும் கம்பிகளின் மேல் தவழப் பார்த்தார். வெள்ளிங்கிரி அவர் முதுகில் முழங்காலை ஊன்றி, கழுத்தின் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து இரண்டு கையாலும் பின்னால் இழுத்தான். "என்ற தம்பி கால்! என்ற தம்பி கால்!" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் வரவில்லை. கிருபாசங்கரின் முகம் கறுத்தது. குதிகால்கள் தரையை உதைத்து, உதைப்பது குறைந்துகொண்டே வந்தது.

அங்கப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உடம்பில் ஒரு பாதி, இன்னும் கொஞ்சம் இழுடா என்றது. அதை அவர் பின்னாளில் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்தத் தொண்டையிலிருந்து வரவேண்டிய ஒரு சொல் இன்னும் வந்தாகவில்லை. அவர் காலடிக்கு உருண்டு வந்த கம்பியை இடது கையில் எடுத்து, வெள்ளிங்கிரியின் முழங்கால் மடிப்பில் முழுப் பலத்தோடு அடித்தார். விரலை நொறுக்கியதற்கும் சேர்த்துத்தான் அந்த அடி விழுந்தது. வெள்ளிங்கிரி சுருண்டு விழுந்தான்.

"செத்த வாயில இருந்து என் பேரு எப்படிடா வரும்?" என்று கத்தினார் அங்கப்பன்.

கிருபாசங்கரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார். இரத்தமும் எச்சிலுமாக அவர் இருமினார். கீதாவிடம் கைப்பேசியில் பதிவு செய்யச் சொன்னார் அங்கப்பன். "படத்தை ஊரெல்லாம் அனுப்புன மாதிரி இவர் பேச்சும் போகட்டும். சொல்லுங்க மொதலாளி."

"அங்கப்பன்... அறுக்கல. கம்பி மாறிப்போச்சு. என்ற ஆலையில... மாறிப்போச்சு."

"படம்?"

"என்ற மச்சான் போட்டது. எனக்குத் தெரியும்."

அங்கப்பன் கீழே உட்கார்ந்தார். அழவில்லை, மாவுக்கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் அடுத்த கேள்வி அவருக்கு வந்தது.

"பூசைக்குப் பொறவு இந்த அடுக்குல இருந்து தொடைத் தண்டு எத்தனை போச்சும்மா?"

கீதா விரல் விட்டு எண்ணினாள். "மூணு மாசச் சரக்குங்க. பாதிக்கு மேல ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருச்சு."

மாடு கட்டாத, பந்தயம் ஓடாத மனிதர்கள், மாடிப்படி ஏறும் ஒவ்வொரு அடியிலும் தொடைக்குள் இருக்கும் தண்டின் நேர்ப் பாதையில் விரிசலை நடக்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். "இப்பவே போன் பண்ணுங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கா. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார் அங்கப்பன். கீதா தொலைபேசியை எடுத்தாள். கிருபாசங்கர் வாயில் துணியை வைத்துக்கொண்டே பெயர்களைச் சொன்னார். லாஸ்யா தன் ஆய்வகத்திலிருந்து கருவியோடு வந்து சேரும்வரை அந்த அழைப்புகள் தொடர்ந்தன.

வெயில் சாயும் நேரத்தில் அங்கப்பன் வெளியே வந்தார். வெள்ளிங்கிரி ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"அண்ணா."

"என்னடா?"

"நான் பண்ணுனதுக்கு வார்த்தை இல்லீங்க."

"வார்த்தை வேண்டாம். கேசு குடுக்கப் போறேன். கைக்கும் லேத்துக்கும். நீயும் உன் பங்காளிகளும் வந்தாகோணும்."

"குடுங்கண்ணா. குடுக்கத்தான் வேணும்." அவன் தன் பழைய புல்லட்டின் மேல் சாய்ந்து நின்றான். "ஸ்டேஷனுக்குப் போறதுக்கு வண்டி இருக்குதுங்களா?"

"பஸ்ஸுலதான் வந்தோம்."

"அப்ப ஏறுங்க."

மாரியாத்தாள் இடுப்பில் கை வைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குது! கையை நசுக்குனவன் வண்டியிலயே போயி அவன் மேலயே கேசு குடுக்கறதா? அதுவும் மூணு பேர் ஒரு வண்டியில போனா போலீஸ் புடிச்சுப்போடும்."

"அங்கதானுங்கக்கா போறோம்" என்றான் வெள்ளிங்கிரி.

அவள் சிரிக்கவில்லை. அவன் வண்டியை உதைக்கப் பார்த்தான். அங்கப்பன் அடித்த கால் மடங்க மறுத்தது. கட்டுப்போட்ட கையோடு அங்கப்பனாலும் முடியாது. மாரியாத்தாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க அக்கட்டால" என்று இருவரையும் விலக்கி, ஏறி நின்று, ஒரே உதையில் அதைக் கிளப்பினாள்.